சித்தாங் பாலத்துக்குப் பிறகு 66 ஆண்டுகள்

அனைவருக்கும் வணக்கம்.

முன்வரிசையில் ரெஜிமென்ட் தொப்பியும் சட்டையில் மெடல்களுமாக உட்கார்ந்திருக்கும் ஐயாக்களுக்குத் தனி வணக்கம். பக்கத்திலேயே, 'இந்த மனுஷன் வீட்டில் எப்படி என்று எங்களுக்குத்தானே தெரியும்' என்ற முகத்தோடு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கு அதைவிடப் பெரிய வணக்கம்.

பீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொன்னதுமே அவர் தரைப்படைத் தளபதியாக இருந்து நடத்திய 1971ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் போர் ஞாபகம் வரும். டிசம்பர் 3இல் தொடங்கி 16இல் முடிந்த போர். இரண்டு வாரம்கூட இல்லை. அந்த மனிதர் வாழ்ந்ததோ 94 வருஷம். அந்த இரண்டு வாரத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. மிச்ச வருஷங்களைக் கொஞ்சம் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சின்னச் சுற்று. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கம் போனவர்கள் நடுகல் பார்த்திருப்பீர்கள். ஆநிரை மீட்கப் போனவன், ஊரைக் காக்க நின்றவன், சண்டையில் விழுந்துவிட்டால் அவனுக்கு ஒரு கல். கையில் வில்லோ வாளோ வைத்த ஓர் உருவம், பெயர், யாருக்காக விழுந்தான் என்று ஒரு வரி. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் சில கற்களுக்கு இன்னும் பூசை நடக்கிறது. விழுந்தவனை மறக்காத ஊர் நம்முடையது. சரி, விழாதவன்? அதே சண்டையில் அவனுக்குப் பக்கத்தில் நின்று, உடம்பெல்லாம் காயத்தோடு வீட்டுக்குத் திரும்பி, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, 80 வயதில் திண்ணையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தவனுக்கு என்ன செய்தோம்? எந்தக் கல்வெட்டிலும் நான் அவனைப் பார்த்ததில்லை. விழுப்புண் என்று அவன் காயத்துக்கு அழகான ஒரு சொல் வைத்திருக்கிறோம். அந்தப் புண் ஆறின பிறகு அவன் எப்படி இருந்தான் என்று கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

வெள்ளைக்காரன் ராணுவத்தில் கணக்கு நேர் எதிராக இருந்தது. மிலிட்டரி கிராஸ் என்ற பதக்கம் உயிரோடு இருப்பவனுக்கு மட்டும்தான். விக்டோரியா கிராஸ் மாதிரி மிகப் பெரிய விருதை இறந்தவருக்கும் தரலாம். மிலிட்டரி கிராஸுக்கு அந்த வழி அப்போது கிடையாது. செத்துவிட்டால் பதக்கம் இல்லை, அவ்வளவுதான். 1979இல்தான் அந்த விதியை மாற்றினார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதை இங்கேதான் தொடங்குகிறது.

1942 பிப்ரவரி 22. பர்மாவில் சித்தாங் ஆறு. ஜப்பான்காரர்கள் ரங்கூனை நோக்கி வந்துகொண்டிருக்கிறார்கள். ஆற்றின் மேலே ஒரு ரயில் பாலம். அந்தப் பாலம் போனால் ரங்கூன் போனமாதிரி. பாலத்துக்குப் பக்கத்தில் பகோடா குன்று என்று ஒரு மேடு. எதிரி கைக்குப் போன அந்த மேட்டைத் திரும்பப் பிடிக்க, எல்லைப்புறப் படையான 12ஆம் ஃபிரான்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்ட்டின் ஒரு கம்பெனி ஏறுகிறது. நடத்திப் போகிறவர் 27 வயது கேப்டன் மானெக்‌ஷா. கம்பெனியில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமானவர்கள் விழுந்துவிட்டார்கள். ஆனாலும் மேட்டைப் பிடித்துவிட்டார்கள். பிடித்த நேரத்தில் இயந்திரத் துப்பாக்கியின் குண்டுகள் வரிசையாகக் கேப்டன் வயிற்றில் பாய்ந்தன.

அந்தச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த தளபதி டேவிட் கோவன் ஓடி வந்தார். பையன் பிழைக்கமாட்டான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தன் சட்டையில் இருந்த மிலிட்டரி கிராஸ் ரிப்பனைக் கழற்றி மானெக்‌ஷாவின் சட்டையில் குத்தினார். செத்தவனுக்கு மிலிட்டரி கிராஸ் கொடுக்க முடியாதே என்று அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. படிக்கும்போது கல்நெஞ்சக்காரப் பேச்சு மாதிரி இருக்கும். விதி தெரிந்தவனின் அவசரம் அது. உயிர் போவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்ற தவிப்பு. கெஜட்டில் அந்தப் பதக்கம் அதே வருஷம் ஏப்ரலில்தான் வந்தது.

பதக்கம் கொடுத்தவரின் கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமானவர் இன்னொருவர். ஷேர் சிங். கேப்டனின் ஆர்டர்லி, சாதாரண சிப்பாய். குண்டு மழைக்கு நடுவில் அவரைத் தூக்கிக்கொண்டு மருத்துவர்கள் இருந்த இடத்துக்கு வந்தவர் அவர்தான். அங்கே ஓர் ஆஸ்திரேலிய சர்ஜன். ஏழு குண்டு. நுரையீரல், ஈரல், சிறுநீரகம் எதையும் விட்டுவைக்கவில்லை. சர்ஜன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இவரைத் தொட்டுப் பயனில்லை என்றார். போர்க்கள ஆஸ்பத்திரியில் அது கொடுமை அல்ல. பிழைக்கக்கூடியவனை முதலில் எடு என்பதுதான் அங்கே கணக்கு. ஷேர் சிங் அந்தக் கணக்குக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றார். ஒரு சிப்பாய், வெள்ளைக்கார ராணுவ டாக்டரிடம், 1942இல்! இது எவ்வளவு பெரிய காரியம் என்று முன்வரிசைக்குச் சொல்லத் தேவையில்லை.

இதற்குள் கேப்டனுக்கு நினைவு வந்துவிட்டது. என்ன ஆயிற்று உனக்கு என்று சர்ஜன் கேட்டார். வயிற்றில் ஏழு குண்டோடு படுத்திருந்தவர் சொன்ன பதில்: ஒரு கோவேறு கழுதை உதைத்துவிட்டது.

சர்ஜன் சிரித்துவிட்டார். இந்த நிலையிலும் கிண்டல் செய்கிறவனைச் சாகவிட முடியாது என்று கத்தியை எடுத்தார். குண்டுகளை எடுத்தார், குடலில் பெரும்பகுதியையும் வெட்டி எடுத்தார். மறுநாள் விடியற்காலையில் சித்தாங் பாலத்தை நம் பக்கத்துப் படையே வெடிவைத்துத் தகர்த்தது. படையின் பெரும்பகுதி அக்கரையில் மாட்டிக்கொண்டது. நீந்தி வந்தவர்கள் உண்டு, வராதவர்களும் உண்டு. அதே மாதங்களில்தான் ரங்கூனிலிருந்து நம் தமிழர்கள் மூட்டை முடிச்சோடு காட்டுவழியாக நடந்துகொண்டிருந்தார்கள். சில குடும்பங்களில் அந்த நடையின் கதை இன்னும் உயிரோடு இருக்கிறது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். மானெக்‌ஷாவுக்கு 1939 ஏப்ரலில் பம்பாயில் கல்யாணம். மனைவி பெயர் சீலூ. லாகூரில் ஒரு விருந்தில் பார்த்துப் பழக்கம். 1940இல் மூத்த மகள் ஷெரி பிறந்தாள். சித்தாங்கில் குண்டடி பட்டபோது குழந்தைக்கு இரண்டு வயது. இரண்டாவது மகள் மாயா பிறந்தது 1945இல். அதாவது சித்தாங்குக்கு மூன்று வருஷம் கழித்து. ஷேர் சிங் அன்றைக்குத் தோளில் சுமந்து வந்தது ஒரு கேப்டனை மட்டும்தானா? பிறக்காத ஒரு பெண்ணையும், அவளுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைகளையும் சேர்த்தல்லவா சுமந்து வந்தார்! அந்த இரண்டாவது மகள் பிற்காலத்தில் மாஜா தாருவாலா என்ற பெயரில் மனித உரிமைத் துறையில் நாடறிந்த வழக்கறிஞரானார். பட்டாளத்து அப்பா, மனித உரிமைக்குப் போராடும் மகள். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேச்சுக்குப் பஞ்சம் இருந்திருக்காது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1914 ஏப்ரல் 3, அமிர்தசரஸ். அப்பா ஹோர்மிஸ்ஜி ஒரு டாக்டர். பம்பாயிலிருந்து லாகூருக்குப் பிழைக்கப் போன பார்சிக் குடும்பம். அம்மா பிள்ளைத்தாய்ச்சி. அமிர்தசரஸ் வந்தபோது இனி பயணம் முடியாது என்றாராம். இறங்கினவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஆறு பிள்ளைகளில் சாம் ஐந்தாவது. அப்பாவைப் போல டாக்டராக வேண்டும், அதுவும் லண்டனில் போய்ப் படிக்க வேண்டும் என்று ஆசை. நீ இன்னும் சின்னப் பையன், இப்போது வேண்டாம் என்றார் அப்பா. கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தில் எழுதினதுதான் இந்திய ராணுவ அகாடமியின் நுழைவுத் தேர்வு. 1932இல் டேராடூனில் அகாடமி தொடங்கியபோது சேர்ந்த முதல் அணியில் 40 பேர். அதிலிருந்து மூன்று நாட்டுக்குத் தலைமைத் தளபதிகள் வந்தார்கள். பாகிஸ்தானுக்கு முகமது மூசா, பர்மாவுக்கு ஸ்மித் டன், நமக்கு மானெக்‌ஷா. அப்பா அன்றைக்குச் சரி என்று பணம் கட்டியிருந்தால் அமிர்தசரஸில் இன்னொரு டாக்டர் இருந்திருப்பார். இங்கே உட்கார்ந்திருக்கிற அப்பாக்கள் இதிலிருந்து தப்பான பாடம் எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காயம் ஆறினதும் அவர் மேசை வேலை கேட்டு ஒதுங்கவில்லை. குவெட்டாவில் ராணுவ அதிகாரிகளுக்கான ஸ்டாப் காலேஜில் படிப்பு, வசிரிஸ்தான் எல்லையில் கொஞ்ச நாள், அப்புறம் 1944 கடைசியில் மறுபடியும் பர்மா. எந்த மண்ணில் குடலைப் பறிகொடுத்தாரோ அதே மண். இதை அவர் பெரிதாகப் பேசினதாக எங்கேயும் படித்ததில்லை. வாய் ஓயாத மனிதர் இந்த விஷயத்தில் மட்டும் பேசவில்லை என்பது எனக்கு யோசனையைத் தருகிறது.

என் பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தார். கட்டிலுக்கு அடியில் கறுப்பு டிரங்குப் பெட்டி, அதற்குள் ஒரு பிஸ்கட் டப்பா, டப்பாவுக்குள் மெடல்கள். 'வீர மதராஸி, அடி கொல்லு' என்று கத்திக்கொண்டு ஓடின கதையைச் சொல்லுங்கள் பெரியப்பா என்று நாங்கள் கெஞ்சுவோம். அவர் காஷ்மீர்க் குளிரைப் பற்றிச் சொல்வார், சமையல் கொட்டகையில் சப்பாத்தி கருகினதைச் சொல்வார். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. ராத்திரியில் சில நாள் தூக்கத்தில் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பெரியம்மா எழுந்து விளக்கைப் போட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். யார் அந்தப் பெயர்க்காரர் என்று கடைசி வரைக்கும் கேட்கவில்லை. அதனால்தான் அம்மாக்களுக்குப் பெரிய வணக்கம் என்றேன்.

சரி, மானெக்‌ஷாவிடம் வருவோம். பேச்சே அவரைக் காப்பாற்றியது, பேச்சே அவரைச் சிக்கலிலும் மாட்டியது. 1947இல் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். ஜேம்ஸ் கம்பெனி வண்டி. பிரிவினை நேரத்தில் பாகிஸ்தானுக்குப் போகிற ஒரு சக அதிகாரிக்கு ஆயிரம் ரூபாய்க்கு விற்றார். பணம் அனுப்புகிறேன் என்று போனவர் அனுப்பவே இல்லை. அந்த அதிகாரியின் பெயர் யாஹ்யா கான். பின்னாளில் பாகிஸ்தானின் ஜனாதிபதி. 1971 போர் முடிந்ததும் மானெக்‌ஷா சொன்னார்: என் ஆயிரம் ரூபாய் வரவில்லை, அதற்குப் பதிலாகப் பாதி நாட்டைக் கொடுத்துவிட்டார்! அதே வாய் 1961 வாக்கில் அவரை விசாரணைக் கமிஷன் முன்னால் நிறுத்தியது. அப்போது அவர் இருந்த இடம் நமக்குத் தெரிந்ததுதான். நீலகிரி, வெலிங்டன் ஸ்டாப் காலேஜ். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போனால் வழியில் ஸ்டேஷன் வருமே, அதே வெலிங்டன். அங்கே கமாண்டன்ட்டாக இருந்தார்.

அதற்கு முன்னால் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் அவரிடம், உங்கள் தளபதி திம்மையாவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாராம். இவர் சொன்னாராம்: என் தலைவரைப் பற்றி நான் எதுவும் நினைக்கக் கூடாது. இன்றைக்கு என்னிடம் அவரைப் பற்றிக் கேட்பீர்கள், நாளைக்கு எனக்குக் கீழே இருக்கிறவர்களிடம் என்னைப் பற்றிக் கேட்பீர்கள். சரியான பதில்தான். ஆனால் சரியான பதிலுக்கும் விலை உண்டு. தேசப்பற்று இல்லாதவர், வெள்ளைக்காரனின் வழக்கங்களைக் கட்டிக்கொண்டு அழுபவர் என்றெல்லாம் புகார் எழுந்தது. விசாரணை நடந்தது. அவர்மேல் தப்பில்லை என்று தீர்ப்பானது. ஆனாலும் அந்த மாதங்களில் அவர் தொழில் முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைத்தார்கள். அந்த வெலிங்டன் வீட்டில் ஒரு மனைவியும் வளர்ந்த இரண்டு பெண்களும் இருந்தார்கள். அப்பாவைத் தேசத்துரோகி என்று ஊர் முணுமுணுக்கும் வீட்டில் காலையில் காபி எப்படிக் குடித்திருப்பார்கள்? ஆச்சரியம் என்னவென்றால், அப்படிப்பட்ட நாட்களைக் கழித்த அதே மலைக்குத்தான் பிற்பாடு தேடி வந்து குடியேறினார். நானாக இருந்தால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்கமாட்டேன்.

1962 அக்டோபரில் சீனப் படை உள்ளே வந்தது. தோற்றுப் பின்வாங்கியிருந்த நான்காவது கோர் என்ற படைப்பிரிவை எடுத்து நடத்த அவரைத்தான் தேஜ்பூருக்கு அனுப்பினார்கள். போனதும் கொடுத்த உத்தரவு ஊரறிந்தது: எழுத்தில் உத்தரவு வராமல் யாரும் பின்வாங்கக் கூடாது, அந்த உத்தரவு ஒருநாளும் வராது.

1969இல் தரைப்படைத் தளபதி. 1971 ஏப்ரலில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வர, உடனே போருக்குப் போக முடியுமா என்று பிரதமர் இந்திரா காந்தி கேட்கிறார். முடியாது என்கிறார் தளபதி. மழைக்காலம் வரப்போகிறது, வங்காளத்து ஆறுகள் கடலாகிவிடும். அறுவடை நேரம், படையை நகர்த்த ரயிலும் சாலையும் வேண்டும். இமயமலைக் கணவாய்களில் பனி உருகினால் சீனா வரலாம். டாங்கிகளில் தயாராக இருப்பது மிகக் கொஞ்சம். இப்போது போனால் தோல்வி நிச்சயம், வேண்டுமானால் உடல்நிலை என்றோ மனநிலை என்றோ காரணம் எழுதி ராஜினாமா தருகிறேன் என்றாராம். பிரதமர் நேரம் கொடுத்தார். இந்தக் கதையை மானெக்‌ஷாவே மேடைகளில் சொல்லிச் சொல்லி மெருகேற்றிவிட்டார், உண்மை இவ்வளவு நாடகமாக இருந்திருக்காது என்று சில வரலாற்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. இருக்கலாம். நல்ல கதைசொல்லி கையில் உப்புக் கொஞ்சம் தூக்கலாக விழத்தான் செய்யும். டிசம்பர் வரை காத்திருந்தது மட்டும் நிஜம். போர் தொடங்கும் முன்பு, தயாரா என்று கேட்ட பிரதமரிடம், 'எப்போதும் தயார், ஸ்வீட்டி' என்று சொன்ன கதையும் சேர்ந்தே சுற்றுகிறது. அவருக்கு ஆண் பெண் வித்தியாசமில்லாமல் பல பேர் ஸ்வீட்டிதான்.

போரை ஒரே வரியில் தாண்டுகிறேன். டாக்கா விழுந்தது, 93,000 பேர் கைதானார்கள், வங்கதேசம் பிறந்தது. சரணடையும் பத்திரத்தில் கையெழுத்து வாங்க நீங்களே போகலாமே என்றபோது இவர் போகவில்லை. கிழக்கு முனையில் படை நடத்தியவர் ஜெனரல் அரோரா, அந்தப் பெருமை அவருக்கே என்று விட்டுவிட்டார். அந்தப் புகைப்படத்தில் மானெக்‌ஷா இல்லை. கல்யாண போட்டோவில் ஓரமாக நிற்க நேர்ந்தாலே வருத்தப்படுகிறவர்கள் நாம்.

போருக்குப் பிறகு லாகூருக்குப் போயிருந்தார், இரு நாட்டுப் பேச்சுவார்த்தைக்காக. அங்கே நடந்ததை அவரே சொல்லியிருக்கிறார். விருந்து முடிந்ததும், மாளிகை ஊழியர்கள் உங்களைப் பார்க்க விரும்புகிறார்கள் என்றார்கள். வரிசையாக நின்றவர்களில் ஒருவர் தலைப்பாகையைக் கழற்றி இவர் காலடியில் வைத்தார். இவர் பதறிப்போய், என்ன இது என்றார். என் ஐந்து பிள்ளைகள் உங்களிடம் கைதிகள், கடிதம் எழுதுகிறார்கள், படிக்கக் குரான் கொடுத்தீர்களாம், அவர்கள் கட்டிலில் படுக்க உங்கள் ஆட்கள் தரையில் படுக்கிறார்களாம் என்றார் அந்தத் தகப்பன். போரில் ஜெயித்ததற்கு உலகம் தந்த பாராட்டுகளை எல்லாம் ஒரு தட்டில் வைத்து, இந்தத் தலைப்பாகையை இன்னொரு தட்டில் வைத்தால் எது தாழும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

1973 ஜனவரியில் அவருக்கு பீல்டு மார்ஷல் பட்டம். இந்தியத் தரைப்படையில் இதுவரை இரண்டே பேர். இவர் முதலாமவர். 1986இல் கரியப்பா. இந்தப் பதவியில் ஒரு விசேஷம்: பீல்டு மார்ஷலுக்கு ஓய்வு கிடையாது. சாகும்வரை பணியில் இருப்பதாகத்தான் கணக்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த ஜனவரியிலேயே தளபதி நாற்காலியிலிருந்து எழுந்து மனைவியோடு குன்னூருக்கு வந்துவிட்டார். வாய் மட்டும் ஓயவில்லை. பிரிவினையில் நான் பாகிஸ்தான் பக்கம் போயிருந்தால் அவர்கள் ஜெயித்திருப்பார்கள் என்று ஒரு பேட்டியில் விளையாட்டாகச் சொல்லிவைத்தார். நாடே கொதித்தது. கோவேறு கழுதை ஜோக்குக்குச் சிரித்த சர்ஜன் ஒருவர்தான். நாடு சர்ஜன் அல்ல.

குன்னூரில் அவர்கள் வீட்டுக்குப் பெயர் 'ஸ்டாவ்கா'. ரஷ்ய ராணுவத் தலைமையகத்தின் பெயர். வீட்டுக்கு வைக்க வேறு பெயரா கிடைக்கவில்லை! ஆனால் உள்ளே தலைமைத் தளபதி யார் என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்ததில்லை என்று நினைக்கிறேன். அவருடைய குறட்டை தாங்காமல் சீலூ தனி அறையில் படுத்துக்கொள்வார் என்று அவரே சொல்லிச் சிரிப்பாராம். தோட்டம், நாய்கள், சில கம்பெனிகளில் இயக்குநர் வேலை, பேரப்பிள்ளைகள். ராணுவத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம்தான் குறைவு, 35 வருஷம் அந்த மலையில் கழிந்தது. செய்தி ஆகாத வருஷங்கள். ஆனால் ஒரு வாழ்க்கையில் பெரிய பங்கு அதுதானே? 2001 பிப்ரவரியில் சீலூ போய்ச் சேர்ந்தார். கல்யாணமாகி 61 வருஷத்துக்கு மேல். அப்புறம் ஏழு வருஷம் இவர் தனியாக.

இப்போது முன்வரிசைக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லுக்கு வருகிறேன். அரியர்ஸ்.

பீல்டு மார்ஷலுக்கு ஓய்வு இல்லை என்றால் என்ன அர்த்தம்? முழுச் சம்பளம் தர வேண்டும் என்று அர்த்தம். தரவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல, முப்பது வருஷத்துக்கு மேல். 2007இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் வெலிங்டன் வந்தபோது ராணுவ ஆஸ்பத்திரியில் அவரைப் போய்ப் பார்த்தார். வாட்ஸ்அப்பில் அந்தச் சந்திப்பைப் பற்றிக் கண்ணீர் வரவழைக்கும் ஒரு கதை சுற்றுகிறது. அதை விடுங்கள். நடந்தது இதுதான்: நிலுவைப் பணமாக ஒரு கோடி ரூபாய்க்கு மேல் ஒரு காசோலை அந்த வருஷம் அவர் கைக்கு வந்தது. அப்போது வயது 93. அந்தப் பணத்தை வைத்து அவர் என்ன செய்ய? நவம்பர் வந்தால் உயிர் சான்றிதழுக்கு அலையும் நீங்கள், ஸ்பர்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளத்தில் கைரேகை பதியவில்லை என்று பேரனைத் திட்டும் நீங்கள், 'அவருக்கே இப்படியா' என்று கொஞ்சம் ஆறுதல்கூடப் பட்டுக்கொள்ளலாம்.

அவருக்காவது வீடு, தோட்டம், கம்பெனி நாற்காலிகள் இருந்தன. ஹரியானாவில் பல்ரா கிராமத்து உம்ராவ் சிங்கைப் பாருங்கள். அவரும் பர்மாவில்தான் சண்டை போட்டவர். பீரங்கிப் படையில் ஹவில்தார். 1944 டிசம்பரில் கலாதான் பள்ளத்தாக்கில், குண்டெல்லாம் தீர்ந்த பிறகு, பீரங்கியைத் திருப்ப உதவும் இரும்புக் கடப்பாரையை எடுத்து அடித்தார். சண்டை ஓய்ந்து போய்ப் பார்த்தபோது உடம்பில் ஏழு பெரிய காயங்களோடு நினைவில்லாமல் கிடந்தார். சுற்றிலும் பத்து எதிரிகள் செத்துக் கிடந்தார்கள். விக்டோரியா கிராஸ் கிடைத்தது. ஊருக்கு வந்து சின்னதாக ஒரு துண்டு நிலத்தில் விவசாயம் பார்த்தார். அந்தப் பதக்கத்துக்கு பிரிட்டன் கொடுத்த தொகை வருஷத்துக்கு 168 பவுண்டு. விலைவாசி எங்கே போனாலும் அதே 168. பதக்கத்தை விற்றால் பெரும் பணம் தருகிறோம் என்று சேகரிப்பாளர்கள் வந்தார்கள். கூட விழுந்தவர்களின் மானத்தை விற்பதாகும் என்று மறுத்துவிட்டார். 1995இல் போர் முடிந்த 50ஆம் ஆண்டு விழாவுக்கு லண்டன் போனபோது, பிரதமர் ஜான் மேஜரிடமே நேரில் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் தொகை 1,300 பவுண்டு ஆனது. 2005இல் 85 வயதில் டெல்லி ராணுவ ஆஸ்பத்திரியில் இறந்தார்.

கடப்பாரையால் பத்துப் பேரைச் சமாளித்த மனிதர், தனக்குச் சேர வேண்டியதைக் கேட்க 50 வருஷம் காத்திருந்தார். கேட்பது அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கிறது. என் பெரியப்பாவும் அப்படித்தான். ஓய்வுக்குப் பிறகு ஒரு வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களுக்குச் செலான் எழுதிக் கொடுப்பார், கதவைத் திறந்துவிடுவார். அவர் டப்பாவில் என்ன இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

2008 ஜூன் 27. நள்ளிரவு தாண்டி, வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் மானெக்‌ஷா காலமானார். நிமோனியா முற்றிவிட்டது. அடக்கம் ஊட்டியில். டெல்லியிலிருந்து குடியரசுத் தலைவர் வரவில்லை, பிரதமர் வரவில்லை, பாதுகாப்பு அமைச்சரும் வரவில்லை. இணையமைச்சர் ஒருவர் வந்தார். தேசிய துக்கம் அறிவிக்கவில்லை. மரியாதை வரிசைப் பட்டியல் என்று ஏதோ காரணம் சொன்னார்கள். பத்திரிகைகள் கண்டித்தன. டிசம்பர் 16ஆம் தேதி, வெற்றி நாளன்று, தபால்தலை வெளியிட்டார்கள். நடுகல் மரபு நம்மை விட்டுப் போகவில்லை பாருங்கள். இருந்தபோது அரியர்ஸ், போன பிறகு தபால்தலை.

இதை நான் ரொம்பப் புலம்ப விரும்பவில்லை. ஏனென்றால் அவரே புலம்பியிருக்கமாட்டார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை 'ஐ'ம் ஓகே' என்று செய்திகளில் வந்தது. 94 வயது, மூச்சு வாங்குகிறது, நுரையீரல் தோற்றுக்கொண்டிருக்கிறது. அந்த நுரையீரலில் 1942ஆம் வருஷத்துத் தழும்பு இருந்திருக்கும். கோவேறு கழுதை உதைத்தது என்று சொன்ன அதே ஆள்தான்.

ஊட்டிக்குப் போனால் எல்லோரும் பொட்டானிக்கல் கார்டனுக்கும் படகு வீட்டுக்கும் போவோம். அடுத்த முறை போகும்போது பார்சிகளின் கல்லறைத் தோட்டம் எங்கே என்று விசாரித்துப் போய்ப் பாருங்கள். சீலூவுக்குப் பக்கத்தில்தான் அவரையும் வைத்திருக்கிறார்கள். தனி அறையெல்லாம் இல்லை. இனி குறட்டையைப் பற்றி அந்த அம்மா புகார் சொல்ல முடியாது.

நேரம் அதிகமாகிவிட்டது. வெளியே டீ தயாராக இருக்கிறது என்று சொல்கிறார்கள். முன்வரிசை ஐயாக்கள் முதலில் போகட்டும். போகிறபோது உங்கள் ஷேர் சிங் யார் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள், நான் கதவுப் பக்கத்தில்தான் நிற்பேன். நன்றி, வணக்கம்.